எந்த ஓடிடிக்குப் பணம் கட்டலாம்? ஒரு பாளையங்கோட்டை வீட்டின் கணக்கு

2025 மே மாதக் கடைசியில் பாளையங்கோட்டையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணே, புது டிவி வந்துட்டு. எதைக் கட்டணும்னு நீயே சொல்லு. எல்லாத்தையும் கட்டுனா மளிகைக் கணக்கு மாதிரி ஆயிரும் போல."

43 அங்குல 4கே டிவி. வீட்டில் ஐந்து பேர்: தங்கை, மாப்பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மருமகன், ஒன்றாம் வகுப்புக்குப் போகும் மருமகள், மாப்பிள்ளையின் அம்மா. கேபிள் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. நூறு எம்பிபிஎஸ் பிராட்பேண்டும் இருக்கிறது.

உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே கேள்வியை உறவினர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். மதுரையில் எங்கள் வீட்டில் எது அதிகம் ஓடுகிறதோ அதையே அவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பணம் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். அதனால் தங்கையிடம் ஒரு வேலை சொன்னேன். ஜூன் மாதம் முழுக்க தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல், பின்பக்கத்தில் அன்றைக்கு யார் எதில் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு மாதம் மட்டும், இணையத்தில் படமும் தொடரும் காட்டும் பெரிய ஓடிடி சேவைகளான நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் பிரைம், ஜியோஹாட்ஸ்டார் மூன்றையும் கட்டிப் பார்ப்பது, அதன் பிறகு முடிவெடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

முதலில் விலையைப் பார்த்துவிடலாம். ஓடிடி விலைகள் அடிக்கடி மாறும். நான் சொல்வது அந்த மாதம் நாங்கள் எதிரே வைத்துப் பார்த்த விலை. கட்டும் முன் அவரவர் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தது. மொபைல் திட்டம் 149 ரூபாய், பேசிக் 199, ஸ்டாண்டர்ட் 499, பிரீமியம் 649, எல்லாமே மாதத்துக்கு. ஆண்டுச் சந்தா கிடையாது. அமேசான் பிரைம் ஆண்டுக்கு 1499, மாதமாகக் கட்டினால் 299. வீட்டுக்குப் பொருள் வாங்கும் வசதியும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து உருவானது. தொடங்கியபோது வைத்த விலையில் மொபைல் திட்டம் மூன்று மாதத்துக்கு 149, விளம்பரத்தோடு வரும் சூப்பர் திட்டம் மூன்று மாதத்துக்கு 299, ஆண்டுக்கு 899. பிரீமியம் ஆண்டுக்கு 1499.

இப்படி எழுதினால் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். டிவியில் பார்ப்பவருக்கு உண்மை வேறு. நெட்ஃப்ளிக்ஸின் 149 திட்டம் டிவியில் ஓடவே ஓடாது. போன், டேப்லெட் மட்டும்தான். 199 திட்டம் டிவியில் ஓடும், ஆனால் படத் தெளிவு 720பி வரைதான், ஒரே நேரத்தில் ஒரே ஒரு திரை. அதைவிடத் தெளிவான 1080பி வேண்டுமென்றால் 499 கட்ட வேண்டும். அதற்கும் மேலான 4கே வேண்டுமென்றால் 649. ஆக, ஆண்டு முழுக்க 4கே தரத்தில் பார்க்க நெட்ஃப்ளிக்ஸுக்கு 7,788 ரூபாய் ஆகும். பிரைமின் 1499-இலேயே 4கே அடங்கும். ஆனால் 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோ இந்தியாவில் படங்களிலும் தொடர்களிலும் நடுநடுவே விளம்பரம் போடத் தொடங்கியது. அது வேண்டாமென்றால் ஆண்டுக்கு இன்னொரு 699. மொத்தம் 2,198. பிரைம் லைட் என்று 799-க்கு ஒன்று இருக்கிறது. தரம் எச்டியோடு நின்றுவிடும், விளம்பரமும் உண்டு.

விலைப் பட்டியலைப் படிக்கும்போது "எவ்வளவு" என்பதற்கு முன் "எந்தத் திரையில்" என்று கேட்க வேண்டும். இதைத் தங்கைக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

படம் எப்படித் தெரிகிறது

ஜூன் இரண்டாவது வாரக் கடைசியில் நானே பாளையங்கோட்டை போயிருந்தேன். நெட்ஃப்ளிக்ஸில் முதலில் 199 திட்டத்தைக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு தொடரின் இரவுக் காட்சியைப் போட்டோம். மழை, தெருவிளக்கு, பின்னால் ஒரு பேருந்து நிற்கிறது. பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயர் பலகையை மட்டும் பார்க்கச் சொன்னேன். எழுத்து இருப்பது தெரிகிறது, என்ன எழுத்து என்பது தெரியவில்லை. அப்புறம் 499 திட்டத்துக்கு மாற்றிவிட்டு அதே காட்சியைப் போட்டோம். பலகையை மருமகன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான். குடையின் விளிம்பில் தண்ணீர் சொட்டுவதும் தனியாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு அத்தை, "எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான்யா தெரியுது" என்றார். அவர் உட்கார்ந்திருந்தது பத்தடி தள்ளி, ஊஞ்சலில். அவர் சொன்னதும் சரிதான். 43 அங்குல டிவியைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 1080பிக்கும் 4கேக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலானோர் கண்ணுக்குப் படாது. 720பிக்கும் 1080பிக்கும் உள்ள வேறுபாடுகூட இருட்டுக் காட்சியிலும் சின்ன எழுத்திலும்தான் எட்டிப் பார்க்கும். 55, 65 அங்குல டிவியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு 4கே பணத்துக்கு ஏற்றது. இந்த வீட்டுக்கு அது தேவையில்லை என்று அன்றைக்கே தெரிந்துபோனது.

திட்டத்தில் 1080பி என்று போட்டிருந்தாலும் வரும் படம் எப்போதும் அந்தத் தரத்தில் இருக்காது. இந்தச் சேவைகள் ஒரு படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் சேமித்து வைக்கின்றன. நம் இணையம் அந்த நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, செயலி அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று முடிவு செய்கிறது. படம் தொடங்கும்போது மங்கலாக இருந்து பத்து விநாடியில் தெளிவாவது இதனால்தான். நெட்ஃப்ளிக்ஸ் 1080பிக்கு 5 எம்பிபிஎஸும் 4கேக்கு 15 எம்பிபிஎஸும் இருந்தால் போதும் என்கிறது. நூறு எம்பிபிஎஸ் உள்ள வீட்டில் படம் நின்று நின்று ஓடினால் குற்றம் பெரும்பாலும் இணைப்பில் இருக்காது, வீட்டுக்குள் இருக்கும். தங்கை வீட்டில் ரௌட்டர் மாடியறையில், அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதைக் கூடத்துக்கு இறக்கி, லேன் கேபிளை நேராக டிவியில் செருகினோம். அதற்குப் பிறகு ஒருமுறைகூட வட்டம் சுற்றவில்லை. அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்லி மாதம் முந்நூறு ரூபாய் கூடக் கேட்டிருந்தார்களாம். அந்தப் பணம் மிச்சம்.

மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2.25 ஜிபி போகும். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் நாற்பது நிமிடம்தான் வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, இந்தியாவில் எல்லா வீடியோ சேவைகளும் மொபைல் இணையத்தில் எச்டியை நிறுத்திவிட்டு 480பியோடு நின்றன. அப்போது போனில் பார்த்தவர்களில் பலர் வேறுபாட்டைக் கவனித்திருக்க மாட்டார்கள். போன் திரைக்கு அது போதும். ஆகவே போனில் மட்டும் பார்க்கும் வீட்டில் தரத்துக்காகப் பெரிய திட்டம் எடுப்பது வீண்.

போனில் இன்னொரு விஷயம். விலை குறைந்த சில ஆண்ட்ராய்டு போன்களில் வைட்வைன் என்ற பாதுகாப்புச் சான்று கீழ்நிலையில், அதாவது எல்3 என்ற அளவில் இருக்கும். எவ்வளவு பெரிய திட்டம் கட்டினாலும் அந்தப் போனில் எச்டி வராது. நெட்ஃப்ளிக்ஸ் செயலியின் அமைப்புகளுக்குள் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே மேல்நிலையான எல்1 என்று இருக்கிறதா, அதிகபட்சத் தரம் என்ன என்று பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் போனில் எல்3. அவர் இரண்டு வருடமாகப் போனில் எச்டி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது எச்டியே இல்லை.

கார்ட்டூனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஒரே நிறம் பெரிய பரப்பில் இருப்பதால் அதைச் சுருக்குவது எளிது. 2015 முதல் நெட்ஃப்ளிக்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் அதன் சிக்கலுக்கு ஏற்பத் தனித்தனியாகச் சுருக்குகிறது. குறைந்த டேட்டாவிலேயே கார்ட்டூன் பளிச்சென்று வரும். சின்னவளுக்கு 199 திட்டமே தாராளம்.

ஒலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் முதல் பிரச்சினை. பாட்டும் சண்டையும் காதைப் பிளக்கும், வசனம் கேட்காது. பல படங்கள் ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு ஊஃபருக்கும் கலந்த 5.1 ஒலியில் வருகின்றன. டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் வசனம் அமுங்கிப்போகிறது. ஆடியோ தேர்வில் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். அத்தைக்குக் கொஞ்சம் காது மந்தம். மாற்றியபின் ஒலியைப் பாதியாகக் குறைத்தும் அவருக்குக் கேட்டது.

காது மந்தமானவர்களுக்குத் தமிழ்ப் படத்தின் கீழே தமிழிலேயே வசனம் ஓடினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நான் பார்த்தவரை பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில வரிகள்தான் இருக்கின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர், தன் மொழிப் படத்தைத் தன் மொழியில் படித்துப் பார்க்க முடியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. பணம் வாங்கும் ஒவ்வொரு சேவையும் இதைச் செய்து கொடுக்க வேண்டும்.

சீரியலும் கேபிளும்

அத்தைக்கு மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை சீரியல். சன் டிவியில் இரண்டு, விஜய் டிவியில் ஒன்று, சில நாள் ஜீ தமிழில் ஒன்று. இதை ஓடிடியில் பார்க்க வேண்டுமென்றால் சன் டிவிக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று மூன்று சந்தா. மூன்றுக்கும் வேறு வேறு முகப்பு, வேறு வேறு நுழைவு. எழுபது வயதில் ஒருவரை இதற்குப் பழக்குவது அவரை வதைப்பது போல.

கேபிளில் ஒரே ரிமோட், மூன்று எண். கட்டணத்தில் இணைப்புக்கு என்று ஒரு தொகை உண்டு. முன்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்கு 130 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தது, ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. 2024-இல் அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். அதற்கு மேல் கட்டணச் சேனல்களுக்குத் தனிக் காசு. தொகுப்புக்குள் வரும் சேனலின் விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது விதி. தங்கை வீட்டில் எல்லாம் சேர்த்து மாதம் 280.

டிவி வாங்கியதும் கேபிளை வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பலர் சொல்கிறார்கள். நேரம் தவறாமல் சீரியல் பார்க்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் வெட்டாதீர்கள். சீரியல் பார்ப்பவர் இல்லாத வீட்டில் வெட்டலாம். டிடி தமிழ் போதும் என்பவர்களுக்கு பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் என்ற செயலி இருக்கிறது.

புதுப்படம் எதில் வரும்?

மாப்பிள்ளைக்குப் புதுப்படம் வேண்டும். இதற்கு யாராலும் ஒரே செயலியைச் சொல்ல முடியாது. 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்கு வராமல் நேராக பிரைமில் வந்தது. தியேட்டர்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று பெரும்பாலான தமிழ்ப் படங்கள் தியேட்டரில் நான்கு வாரம் ஓடிவிட்டு ஓடிடிக்கு வருகின்றன. இந்திப் படம் என்றால் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேட்கின்றன. தயாரிப்பாளர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பேசி விற்கிறார். அதிக விலை கொடுப்பவரிடம் படம் போகும். ஒரு நடிகரின் ஒரு படம் நெட்ஃப்ளிக்ஸில், அடுத்த படம் பிரைமில், அதற்கடுத்தது ஜியோஹாட்ஸ்டாரில். படத்தின் தொலைக்காட்சி உரிமை ஒரு சேனலுக்கும் ஓடிடி உரிமை வேறொருவருக்கும் போவதும் சாதாரணம்.

அதனால் புதுப்படத்துக்காக மட்டும் ஆண்டுச் சந்தா கட்டுவது நஷ்டம். நான்கு வாரம் பொறுத்தவருக்கு இன்னும் நான்கு வாரம் பொறுப்பது பெரிதல்ல. ஒரு சேவையில் பார்க்க வேண்டிய படம் மூன்று, நான்கு சேர்ந்ததும் ஒரு மாதம் கட்டி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் லாபம். பிரைம் வீடியோவில் 2022 ஏப்ரல் முதல் வாடகைக்கும் படம் கிடைக்கிறது. தொடங்கியபோது விலை 69-லிருந்து 499 வரை. வாடகைக்கு எடுத்த 30 நாளுக்குள் தொடங்க வேண்டும், தொடங்கினால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பவர்களுக்கு இது சரிப்படும். தூங்கித் தூங்கி மூன்று நாளில் ஒரு படத்தை முடிக்கும் என் போன்றவர்களுக்கு நேரம் போதாது.

ஆஹா தமிழ், டென்ட்கொட்டா, சோனிலிவ் எல்லாவற்றிலும் நல்ல படங்கள் இருக்கின்றன. இவற்றை மாதக்கணக்கில்தான் எடுக்க வேண்டும், ஏதாவது ஒரு தொடரின் பெயரைச் சொல்லி, அதற்காக.

கிரிக்கெட் வேறு கதை. 2022-இல் ஐபிஎல் ஐந்தாண்டு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் இந்திய இணைய உரிமைக்கு மட்டும் ஏறத்தாழ 23,758 கோடி. இவ்வளவு பணம் கொட்டியவர்கள் 2023, 2024 இரண்டு ஆண்டும் ஜியோசினிமாவில் போட்டிகளை இலவசமாகக் காட்டினார்கள். பார்வையாளர்களைச் சேர்ப்பதுதான் அப்போது நோக்கம். இணைய உரிமை வைத்திருந்த நிறுவனமும் டிவி உரிமை வைத்திருந்த நிறுவனமும் 2024 நவம்பரில் ஒன்றானபோது போட்டி இல்லாமல் போயிற்று. 2025 ஐபிஎல்லில் சிறிது நேரம் இலவசம், அப்புறம் சந்தா என்று ஆனது. இலவசம் என்று சொல்லும் எந்தச் சேவையையும் நம்பி வீட்டின் பழக்கத்தை அமைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. மருமகனுக்கு இப்போதைக்கு ஜியோஹாட்ஸ்டாரை விட்டால் வேறு வழியில்லை. விளம்பரத்தோடு வரும் சூப்பர் திட்டமே போதும். நேரலைப் போட்டியில் பிரீமியம் கட்டினாலும் ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரத்தான் செய்யும்.

செயலியின் நிறமும் குணமும்

ஒரே படம், ஒரே இணையம். ஆனால் ஒரு செயலியில் பத்து விநாடியில் தொடங்குகிறது, இன்னொன்றில் ஒரு நிமிடம் ஆகிறது. எங்கள் மதுரை வீட்டு டிவி ஏழு வருடப் பழசு. அதில் ஒரு சேவையின் செயலி திறக்கும்போதே மூன்று முறையில் ஒருமுறை கறுப்புத் திரையில் நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிச் செருக வேண்டும். பணம் கட்டி வைத்திருந்தும் அதை நாங்கள் பார்ப்பதையே விட்டுவிட்டோம். அவர்களிடம் எழுதிக் கேட்டபோது, உங்கள் டிவி பழைய மாடல், புதுப் பதிப்பு வராது என்று பதில் வந்தது. பிறகு டிவியின் எச்டிஎம்ஐ துளையில், செயலிகளைத் தானே ஓட்டும் ஒரு ஸ்டிக்கை வாங்கிச் செருகியதும் அதே செயலி ஓடத் தொடங்கியது. பழைய டிவி வைத்திருப்பவர்கள் புது டிவி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். டிவியின் திரை பத்து வருடம் உழைக்கும். அதற்குள் இருக்கும் கணினி நாலைந்து வருடத்தில் கிழடாகிவிடும்.

செயலியில் நான் பார்ப்பது மூன்றே விஷயம். நேற்று விட்ட இடத்திலிருந்து ஒரு அழுத்தில் தொடங்குகிறதா. தமிழில் தேடினால் கிடைக்கிறதா. குழந்தைக்குத் தனிக் கணக்கும் பூட்டும் இருக்கிறதா. மூன்றாவதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தங்கை வீட்டில் முதல் நாளே பெரியவர்கள் கணக்குக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போட்டோம். சின்னவள் ரிமோட்டை எடுத்தால் அவளுடைய படம்போட்ட வட்டத்தை மட்டும்தான் அழுத்த முடியும்.

கணக்கைப் பகிர்ந்துகொள்வது இப்போது கடினம். நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் வீட்டுக்கு வெளியே பகிர்வதை நிறுத்தியது. 2025 ஜனவரியிலிருந்து பிரைமில் ஐந்து கருவிகள், அதில் டிவி இரண்டு மட்டும். மதுரைக்கும் பாளைக்கும் ஒரே சந்தா என்று நாங்கள் போட்ட திட்டம் நெட்ஃப்ளிக்ஸில் நடக்கவில்லை, பிரைமில் நடந்தது.

பணம் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருந்தோம். மறந்தே போய்விட்டது. அடுத்த ஆண்டு அதே தேதியில் பணம் தானாகப் போய்விட்டது. ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரத்துக்கு முன் செய்தி வர வேண்டும். செய்தி வந்திருந்தது, நாற்பது விளம்பரக் குறுஞ்செய்திக்கு நடுவில். திருப்பிக் கேட்டோம், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சந்தா கட்டிய அன்றே யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்துவிடுவேன். கட்டிய காலம் முடியும்வரை சேவை ஓடும், அடுத்த முறை நான் வேண்டும் என்று நினைத்தால்தான் பணம் போகும்.

முப்பது தாள்

ஜூலை முதல் தேதி தங்கை முப்பது தாளையும் படமெடுத்து அனுப்பினாள். சிலவற்றில் சாம்பார்க் கறை. ராகு காலம், எமகண்டத்துக்குப் பின்பக்கம் அவள் கையெழுத்தில் "அத்தை 2½, தம்பி 1, பாப்பா யூடியூப் 1".

உட்கார்ந்து கூட்டினேன். கேபிள் 62 மணி நேரம், எல்லாம் அத்தை. 280 ரூபாயை 62-ஆல் வகுத்தால் மணிக்கு நாலரை ரூபாய். ஜியோஹாட்ஸ்டார் 19 மணி நேரம். ஐபிஎல் இறுதிப் போட்டியும், ஜூன் 20-இல் தொடங்கிய இங்கிலாந்து டெஸ்ட்டும் பள்ளி விட்டு வந்தபின் பார்த்தது. மூன்று மாதத்துக்கு 299 என்றால் மாதம் நூறு, மணிக்கு ஐந்து ரூபாய் சொச்சம். பிரைம் 14 மணி நேரம். ஆண்டு விலையில் மாதம் 125 என்று வைத்தால் மணிக்கு ஒன்பது ரூபாய். நெட்ஃப்ளிக்ஸ் ஆறு மணி நேரம். 499-ஐ ஆறால் வகுத்தால் 83 ரூபாய். யூடியூப் 40 மணி நேரத்துக்கு மேல், காசில்லாமல்.

இதை வைத்து நெட்ஃப்ளிக்ஸ் மோசம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் என் மகள் கொரியத் தொடர்களாகப் பார்க்கிறாள். மாதம் முப்பது மணி நேரம் ஓடும், மணிக்கு பதினேழு ரூபாய்க்குள் வந்துவிடும். நாங்கள் பிரைமை மாதத்தில் மூன்று மணி நேரம் பார்த்தால் அதிகம். எங்கள் வீட்டுக்கு நல்லது என்று நெட்ஃப்ளிக்ஸையே நான் அவர்களுக்கும் சொல்லியிருந்தால் பாளையங்கோட்டைக்கு ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய்ச் செலவு வைத்திருப்பேன். 499 வீதம் பன்னிரண்டு மாதம், 5,988.

போன், பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஓடிடியைச் சேர்த்துத் தரும் திட்டங்களையும் பார்த்தோம். "இலவசம்" என்று வரும் நெட்ஃப்ளிக்ஸ் பெரும்பாலும் பேசிக் திட்டம், 720பி. ஏற்கெனவே அந்த விலையில் இணையம் வாங்குபவருக்கு நல்லது. ஓடிடிக்காக இணையத் திட்டத்தை உயர்த்தினால் கணக்கு உதைக்கும்.

முடிவு இதுதான். கேபிள் அப்படியே இருக்கட்டும். பிரைம் ஆண்டுச் சந்தா, விளம்பரத்தோடு. படத்துக்கு நடுவே விளம்பரம் வரும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறோம், 699 மிச்சம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். ஜியோஹாட்ஸ்டார் சூப்பர், ஐபிஎல்லுக்கும் பெரிய தொடர்களுக்கும் மட்டும் மூன்று மூன்று மாதமாக, ஆண்டுக்கு இரண்டு முறை. நெட்ஃப்ளிக்ஸ் 499 திட்டம், தீபாவளி மாதமும் மே மாதமும் மட்டும். கூட்டினால் 1499, 598, 998. ஓடிடிக்கு ஆண்டுக்கு 3,095 ரூபாய். மூன்றையும் ஆண்டு முழுக்க வைத்திருந்தால், நெட்ஃப்ளிக்ஸ் 5,988, பிரைம் 1,499, சூப்பர் 899 என்று 8,386 ஆகியிருக்கும்.

தங்கை புதுக் காலண்டரில் மே மாதத்து முதல் தாளைத் தேடிப் பிடித்து, முன்பக்கத்திலேயே சிவப்பு மையால் "நெட்" என்று எழுதி வைத்திருக்கிறாள். அதற்குக் கீழே மருமகன் பென்சிலில் தான் பார்க்க வேண்டிய தொடர்களின் பட்டியலை எழுதத் தொடங்கியிருக்கிறான். இதுவரை ஏழு.